குறைந்த பிட் வேகக் குரலும் பிழை திருத்தமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செல்பேசி, டிஜிட்டல் வாக்கி-டாக்கி, ஹாம் ரேடியோ (பொழுதுபோக்கு அமெச்சூர் வானொலி) மூன்றிலும் குரல் பிட்டுகளாக, அதாவது 0, 1 வரிசையாக மாறித்தான் காற்றில் போகிறது. வழியில் சில பிட்டுகள் கெடுவதைத் தவிர்க்க முடியாது. கெட்ட பிறகும் பேச்சு புரிகிறதே, எப்படி? டிஜிட்டல் ரேடியோவுக்குப் புதிதாக வருபவர்கள் இதைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். கணிதப் பட்டம் தேவையில்லை, கூட்டல் தெரிந்தால் போதும்.

குறைந்த பிட் வேகம் என்றால் எவ்வளவு குறைவு?

பழைய டிஜிட்டல் தொலைபேசி இணைப்பில் ஒரு குரலுக்கு நொடிக்கு 64,000 பிட் ஒதுக்கினார்கள். நொடிக்கு 8,000 மாதிரிகள், மாதிரிக்கு 8 பிட் என்ற கணக்கு. ஜிஎஸ்எம் செல்பேசியின் முதல் கோடெக் (குரலைப் பிட்டுகளாகச் சுருக்கி விரிக்கும் முறை) அதை 13,000 ஆக்கியது. அமெரிக்கக் காவல்துறை, தீயணைப்புத்துறை பயன்படுத்தும் பி25 முறையில் குரலுக்கு 4,400. டிஎம்ஆர் வாக்கி-டாக்கியில் 2,450, ஹாம்களின் டி-ஸ்டாரில் 2,400. சிற்றலையில் ஓடும் ஹாம்களின் டிஜிட்டல் குரல் முறையான ஃப்ரீடிவி இன்னும் கீழே போய் 1,300, 700 என்று நிற்கிறது.

64,000-இல் ஒரு பிட் தவறினால் காதில் ஒரு 'டிக்' கேட்கும், அவ்வளவுதான். 700-க்கு வரும்போது ஒவ்வொரு பிட்டின் தோளிலும் பெரிய சுமை இருக்கிறது. பிழை திருத்தம் இங்கே தனிக் கலையாக வளர்ந்ததற்குக் காரணம் அதுதான்.

இவ்வளவு குறைந்த பிட்டில் எதைத்தான் அனுப்புகிறார்கள்?

ஒலி அலையையே அனுப்புவதில்லை. குரலைப் பற்றிய குறிப்புகளை அனுப்புகிறார்கள். குரல்நாண் அதிர்கிறதா ('ஆ', 'ம்' போல), அதிரவில்லையா ('ஸ்', 'ஷ்' போல)? அதிர்ந்தால் என்ன சுருதியில்? ஒலி எவ்வளவு உரக்க? வாயும் நாக்கும் ஒலிக்கு என்ன வடிவம் கொடுக்கின்றன? இந்தக் கேள்விகளுக்கு ஒவ்வொரு 20 அல்லது 40 மில்லிநொடிக்கும் ஒருமுறை பதில் எழுதி அனுப்பினால், மறுமுனை அதை வைத்துக் குரலைப் புதிதாகக் கட்டி எழுப்புகிறது. இப்படிப்பட்ட கருவிக்கு வோகோடர் என்று பெயர்.

ஆஸ்திரேலியாவின் டேவிட் ரோ உருவாக்கிய கோடெக் 2 என்ற திறந்த மூல வோகோடரை எடுத்துக்கொள்வோம். அதன் 1,300 பிட் முறையில் 40 மில்லிநொடிக்கு 52 பிட்: அதிர்வு உண்டா இல்லையா என்பதற்கு 4, சுருதிக்கு 7, சத்தத்தின் அளவுக்கு 5, மீதி 36 பிட் ஒலியின் வடிவத்துக்கு. இந்தக் கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஒரே ஒரு பிட் தவறினால் என்ன ஆகும்?

எந்த பிட் என்பதைப் பொறுத்தது. சத்தத்தின் அளவைச் சொல்லும் எண்ணில் மேல் பிட் (அதிக மதிப்புள்ள பிட்) 0, 1 மாறிப் புரண்டால் மெதுவாகப் பேசியவர் திடீரென்று காதைக் கிழிப்பார், அல்லது ஒரு அசை முழுவதும் காணாமல் போகும். சுருதியின் மேல் பிட் புரண்டால் ஆண் குரல் ஒரு கணம் கீச்சென்று கத்தும். அதிர்வு பிட் தவறினால் உயிரெழுத்து சீறலாக மாறும். ஆனால் ஒலி வடிவத்தின் கடைசி பிட்டுகளில் ஒன்று தவறினால்? கூர்ந்து கேட்டாலும் தெரியாது.

இந்தப் பக்கத்தில் இருந்து ஒரே ஒரு விஷயத்தை எடுத்துக்கொண்டு போவதானால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்: பிட்டுகள் எல்லாம் சமம் இல்லை. குறைந்த வேகக் குரலில் செய்யப்பட்ட நல்ல வடிவமைப்பு எல்லாமே இதிலிருந்துதான் தொடங்குகிறது.

தவறாக வந்தால் மறுபடி அனுப்பச் சொன்னால் என்ன?

கோப்புகளுக்கு அப்படித்தான் செய்கிறார்கள். பேச்சுக்கு நேரமில்லை. ஒருவர் பேசியது மற்றவரை அடைய 150 மில்லிநொடிக்கு மேல் ஆனால் உரையாடல் தடுமாறத் தொடங்கும் என்று சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமே வரம்பு சொல்லியிருக்கிறது. அப்புறம், வாக்கி-டாக்கியில் ஒருவர் பேச ஐம்பது பேர் கேட்பார்கள். ஐம்பது பேரில் யாருக்குக் கெட்டது என்று விசாரித்து மறுபடி அனுப்புவது நடக்கிற காரியமா? அதனால் திருத்திக்கொள்ளத் தேவையானதைச் செய்தியோடு சேர்த்து முன்கூட்டியே அனுப்பிவிட வேண்டும்.

ரேடியோக்காரர்கள் இதை வாயாலேயே செய்கிறார்கள். இரைச்சலில் 'பி'யும் 'டி'யும் ஒன்றுபோலக் கேட்கும் என்பதால் 'பிராவோ', 'டெல்டா' என்று நீட்டிச் சொல்கிறோம். கூடுதலாகச் சொன்ன பகுதி புதுச் செய்தி எதையும் தரவில்லை, ஆனால் செய்தியைக் காப்பாற்றுகிறது.

கூடுதல் பிட் எப்படித் தவறைக் கண்டுபிடித்துத் திருத்துகிறது? ஒரு உதாரணம் போட்டுக் காட்ட முடியுமா?

முடியும். பெல் ஆய்வகத்தில் இருந்த ரிச்சர்ட் ஹேமிங் 1950-இல் வெளியிட்ட முறை இது. ஒரு தாளில் கூடவே போட்டுப் பாருங்கள்.

அனுப்ப வேண்டியவை நான்கு பிட்: 1, 0, 1, 1. இவற்றோடு மூன்று சரிபார்ப்பு பிட்டுகளைச் சேர்க்கிறோம். முதல் சரிபார்ப்பு பிட் 1, 2, 4-ஆம் பிட்டுகளைக் கவனிக்கும். இரண்டாவது 1, 3, 4-ஐ. மூன்றாவது 2, 3, 4-ஐ. ஒவ்வொன்றும் தான் கவனிக்கும் மூன்றில் ஒன்றுகள் ஒற்றைப்படையாக இருந்தால் 1, இரட்டைப்படையாக இருந்தால் 0. நம் உதாரணத்தில் முதல் குழு 1, 0, 1. இரட்டை, ஆகவே 0. இரண்டாம் குழு 1, 1, 1. ஒற்றை, ஆகவே 1. மூன்றாம் குழு 0, 1, 1, மறுபடி 0. ஆக அனுப்புவது 1011 010.

வழியில் மூன்றாவது பிட் புரண்டு 1001 010 என்று வந்து சேர்கிறது. மறுமுனை அதே கணக்கைப் போடுகிறது. முதல் குழு சரியாக வருகிறது. இரண்டாவதும் மூன்றாவதும் ஒத்துப்போகவில்லை. இரண்டாவது, மூன்றாவது குழுக்களில் இருந்து, முதல் குழுவில் இல்லாத பிட் எது? மூன்றாவது பிட் ஒன்றுதான். அதைப் புரட்டிப் போட்டால் 1011 திரும்பக் கிடைத்துவிட்டது.

எங்கே தவறு என்று அனுப்பியவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை, கவனித்தீர்களா? இதை முதல் முறை கையால் போட்டுப் பார்க்கும்போது வரும் மகிழ்ச்சி எனக்கு இன்னும் குறையவில்லை.

ஒரு எச்சரிக்கை. ஏழில் இரண்டு பிட் தவறினால் இந்த முறை மூன்றாவதாக வேறொரு பிட்டைப் புரட்டி நிலைமையை மோசமாக்கும். எந்தத் திருத்தக் குறியீட்டுக்கும் ஒரு எல்லை உண்டு. எல்லை தாண்டினால் அது தயங்காமல் தப்பான விடையைத் தரக்கூடும்.

கோலே குறியீடு என்ற பெயர் எல்லா இடத்திலும் வருகிறதே?

வரத்தான் செய்யும். சுவிட்சர்லாந்தில் பிறந்த மார்செல் கோலே 1949-இல் ஒரு பக்கம்கூட நிரம்பாத கட்டுரையில் இதை எழுதினார். 12 பிட் செய்தியோடு 11 பிட் சேர்த்து 23 ஆக்கினால் அந்த 23-இல் எந்த மூன்று பிட் தவறினாலும் திருத்தலாம்.

இதன் அழகு எண்ணிக்கையில் இருக்கிறது. 23 பிட்டில் தவறே இல்லாமல் இருக்க ஒரு வழி. ஒரு தவறு வர 23 வழி, இரண்டு வர 253, மூன்று வர 1,771. கூட்டினால் 2,048. சேர்த்த 11 பிட்டுகளால் காட்டக்கூடிய வெவ்வேறு நிலைகள் எத்தனை? இரண்டின் 11-ஆம் அடுக்கு, அதுவும் 2,048. ஒன்றுகூட மிச்சமில்லை, ஒன்றுகூடக் குறையவில்லை. இப்படி அச்சாகப் பொருந்தும் குறியீடுகள் கணிதத்தில் மிக அரிது. கூடவே ஒரு பிட் சேர்த்து 24 ஆக்கிய வடிவம், வாயேஜர் விண்கலங்கள் வியாழன், சனி படங்களை அனுப்பியபோது பயன்பட்டது.

குரலுக்கு இது பொருந்தக் காரணம் அளவு. ஒரு ஃபிரேமில் (ஒருமுறை எழுதி அனுப்பும் 20 அல்லது 40 மில்லிநொடிக் குறிப்பில்) உயிர்போகிற அளவுக்கு முக்கியமான பிட்டுகள் பெரும்பாலும் ஒரு டஜன், இரண்டு டஜன்தான் இருக்கும். 12 பிட் கட்டு அதற்குக் கச்சிதம். சின்னக் கட்டு என்பதால் காத்திருக்கும் நேரமும் குறைவு, மலிவான சில்லிலேயே கணக்குப் போட்டுவிடலாம்.

எல்லா பிட்டையும் கோலேயால் காப்பாற்றிவிட்டால் பிரச்சினை முடிந்ததே?

முடியாது, செலவு தாங்காது. டிரான்ஸ்மிட்டரின் சக்தி மாறப்போவதில்லை. பிட்டுகளை இரட்டிப்பாக்கினால் ஒவ்வொரு பிட்டுக்கும் கிடைக்கும் ஆற்றல் பாதியாகிறது, அதாவது 3 டெசிபெல் இழப்பு. முதலில் அந்த நஷ்டத்தை ஈடுகட்டிய பிறகுதான் குறியீடு லாபம் காட்டத் தொடங்கும். அலைவரிசை அகலமும் கூடும். அதனால் யாருக்குக் கவசம், யாருக்கு வேண்டாம் என்று தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது.

ஜிஎஸ்எம் முதல் கோடெக் இதை எப்படிப் பிரித்தது பாருங்கள். 20 மில்லிநொடிக்கு 260 பிட். அதில் மிக முக்கியமான 50 பிட்டுக்குத் திருத்தக் குறியீடும் உண்டு, தவறு மிஞ்சியிருக்கிறதா என்று பார்க்க 3 பிட் சரிபார்ப்பும் உண்டு. அடுத்த 132 பிட்டுக்குத் திருத்தம் மட்டும். கடைசி 78 பிட்டுக்கு எதுவுமே இல்லை, வந்தது வந்தபடி. எல்லாம் சேர்ந்து 456 பிட்டாகக் காற்றில் போகிறது.

பி25-இல் 88 குரல் பிட்டுகள் எட்டுக் கட்டாகப் பிரிகின்றன. மேல் நான்கு கட்டுக்கு (48 பிட்) கோலே. அடுத்த மூன்றுக்கு (33 பிட்) 11-ஐ 15 ஆக்கும் ஹேமிங். கடைசி 7 பிட் அம்போ. மொத்தம் 144.

டிஎம்ஆரில் சிக்கனம் இன்னும் கடுமை: 49 பிட்டில் 24-க்குத்தான் கோலே, மீதி 25 பிட் வெறும் உடம்போடு போகிறது.

இவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது ஃப்ரீடிவி 1600. மேலே சொன்ன 52 பிட்டில் அவர்கள் காப்பாற்றியது வெறும் 12: அதிர்வு பிட்டுகள் நான்கும், சுருதியின் மேல் நான்கும், சத்த அளவின் மேல் நான்கும். ஒலி வடிவத்தின் 36 பிட்டுக்கும் கவசம் கிடையாது. அந்த 12-க்காகச் சேர்த்தது 11 பிட், ஒரே ஒரு கோலே கட்டு. இன்னும் ஒரு பிட் மிஞ்சியது, அதில் அழைப்புக் குறி போன்ற சிறு எழுத்துச் செய்தியை மெதுவாக அனுப்பினார்கள். 52-உம் 12-உம் 64 பிட், 40 மில்லிநொடிக்கு. நொடிக்கு 1,600. ஒரு பிட்கூட வீணாகவில்லை.

அனலாக் ரேடியோ மெல்ல மெல்ல மங்கும். டிஜிட்டல் மட்டும் ஏன் நன்றாக இருந்துவிட்டுப் பட்டென்று அறுந்துபோகிறது?

கோலே கணக்கையே போட்டுப் பார்ப்போம். 20 மில்லிநொடி ஃபிரேம், நொடிக்கு 50 கோலே கட்டு, பிழைகள் சிதறி வருகின்றன என்று வைத்துக்கொள்வோம்.

நூற்றுக்கு 2 பிட் தவறும் சேனலில், காப்பு இல்லாத 12 பிட் கட்டு நொடிக்குப் பத்துத் தடவைக்கு மேல் கெடும். கோலே இருந்தால் ஏறக்குறைய 19 நொடிக்கு ஒருமுறைதான் தோற்கும். நீங்கள் கவனிக்கவே மாட்டீர்கள். பிழை 5 விழுக்காடு ஆனால் நொடிக்கு ஒன்றுக்குச் சற்று மேல் தோற்கும்; குரல் கரகரக்கும், ஆனாலும் பேச்சு புரியும். 10 விழுக்காடு ஆனால் நொடிக்கு ஏறக்குறைய பத்து கட்டு தோற்கும், ஒன்றும் புரியாது.

பிழை ஐந்து மடங்கு கூடியபோது தோல்வி நூறு மடங்குக்கு மேல் கூடிவிட்டது. அந்தச் சரிவுதான் 'பட்டென்று அறுவது'. குறியீடு எவ்வளவு வலுவோ அவ்வளவு செங்குத்தாக இருக்கும் அந்த விளிம்பு. டிஜிட்டல் மோசம் என்று இதை வைத்து முடிவு கட்டுவது நியாயமில்லை. விளிம்புக்கு முன்னால் அனலாக்கில் நீங்கள் கேட்டிருக்கக்கூடிய இரைச்சலை எல்லாம் அது தானே விழுங்கிக்கொண்டிருந்தது.

பிழைகள் சிதறி வருவதாக வைத்துக்கொள்வோம் என்றீர்கள். நிஜத்தில் அப்படியா வருகின்றன?

இல்லை, கும்பலாக வரும். காரில் போகும்போது கட்டடங்களில் பட்டுத் திரும்பும் அலைகள் ஒன்றையொன்று அழிக்கும் இடம் ஒன்றைக் கடந்தால் அந்தச் சில மில்லிநொடியில் வந்தது எல்லாமே போகும். அடுத்தடுத்து இருபது பிட் தவறினால் மூன்றைத் திருத்தும் கோலே என்ன செய்யும்?

அதற்காகத்தான் இன்டர்லீவிங், அதாவது பிட்டுகளைக் கலைத்து அனுப்புவது. ஜிஎஸ்எம் 456 பிட்டை 57, 57 ஆக எட்டாகப் பிரித்து, எட்டு வெவ்வேறு துடிப்புகளில் ஏற்றுகிறது. ஒரு துடிப்பு முழுக்க நாசமானாலும் ஒரு ஃபிரேமில் எட்டில் ஒரு பங்குதான் போகும், அதுவும் இங்கொன்றும் அங்கொன்றுமாக. அப்புறம் திருத்தக் குறியீடு பார்த்துக்கொள்ளும். விலை தாமதம்: எட்டுத் துடிப்பும் வந்து சேரும் வரை, ஏறக்குறைய 37 மில்லிநொடி, காத்திருக்க வேண்டும்.

பி25 இவ்வளவு தூரம் பரப்புவதில்லை, ஒரு ஃபிரேமின் 144 பிட்டுக்குள்ளேயே கலைக்கிறது. தாமதம் மிச்சம், ஆனால் நீண்ட ஃபேடிங்கை (சிக்னல் மங்கிப்போவதை) தாங்காது.

திருத்தவே முடியாத ஃபிரேம் வந்தால் வானொலி என்ன செய்யும்?

முதலில் அது திருத்த முடியாதது என்று தெரிய வேண்டும். ஜிஎஸ்எம்மில் அந்த 3 பிட் சரிபார்ப்பு இருக்கிறது. பி25-இன் வழி எனக்கு இன்னும் நேர்த்தியாகத் தோன்றுகிறது. அங்கே முதல் கட்டின் 12 பிட்டை விதையாக வைத்து ஒரு போலித் தற்செயல் வரிசையை உருவாக்கி, அதைக் கொண்டு மற்ற கோலே, ஹேமிங் கட்டுகளைக் குழப்பி அனுப்புகிறார்கள். மறுமுனையில் முதல் கட்டு சரியாகத் திருத்தப்பட்டால் மற்றவை ஒழுங்காகப் பிரியும். முதல் கட்டு தப்பாகத் திருத்தப்பட்டால் மற்ற எல்லாக் கட்டுகளிலும் ஏகப்பட்ட பிழைகள் இருப்பதுபோலத் தெரியும். அந்த எண்ணிக்கையே காட்டிக்கொடுத்துவிடும். தனியாகச் சரிபார்ப்பு பிட் எதுவும் செலவாகவில்லை.

கண்டுபிடித்த பிறகு செய்வது ஏமாற்று வேலைதான், ஆனால் நல்ல ஏமாற்று. கெட்ட ஃபிரேமைத் தூக்கிப் போட்டுவிட்டு முந்தைய நல்ல ஃபிரேமையே மறுபடி ஒலிக்கும். பேச்சு 20 மில்லிநொடியில் பெரிதாக மாறாது என்பதால் காது ஏற்றுக்கொள்ளும். தொடர்ந்து கெட்டால் சத்தத்தைப் படிப்படியாகக் குறைக்கும். ஜிஎஸ்எம் கோடெக்கில் 320 மில்லிநொடிக்குள் முழு அமைதிக்குக் கொண்டுபோக வேண்டும் என்று விதி இருக்கிறது. கண்டபடி கத்துவதைவிட மௌனம் மேல் என்ற முடிவு சரியானது என்றே நினைக்கிறேன்.

கூடுதல் பிட்டே சேர்க்காமல் பிழை திருத்த முடியுமா?

ஒரு இடத்தில் முடிந்திருக்கிறது. அமெரிக்க ராணுவ, அரசுப் பயன்பாட்டுக்கு 1990-களில் தேர்வான மெல்ப் என்ற 2,400 பிட் கோடெக்கில் 22.5 மில்லிநொடிக்கு 54 பிட். குரல்நாண் அதிரும் ஒலிக்கு 54-உம் தேவை. 'ஸ்', 'ஷ்' போன்ற ஒலிக்குச் சுருதி சம்பந்தமான நுணுக்கங்கள் எதுவும் வேண்டாம், 13 பிட் சும்மா கிடக்கும். அந்த 13-ஐயும் ஹேமிங் சரிபார்ப்பு பிட்டுகளாக மாற்றிவிட்டார்கள்: 4 பிட்டை 8 ஆக்கும் கட்டு ஒன்று, 7 ஆக்கும் கட்டு மூன்று. 4, 3, 3, 3, சரியாக 13.

அதோடு விடவில்லை. சுருதிக்கான 7 பிட்டும் பூஜ்யமாக இருந்தால் 'அதிர்வில்லா ஒலி' என்று பொருள். ஏழில் ஒன்று மட்டும் 1 என்று வந்தாலும் அதிர்வில்லா ஒலியாகவே எடுத்துக்கொள்ளும். இரண்டு 1 வந்தால் அந்த ஃபிரேமே கெட்டது என்று முடிவு கட்டும். அந்த எண்களைச் சுருதிக்கு ஒதுக்காமல் விட்டுவைத்ததால் கிடைத்த பாதுகாப்பு இது.

குரலின் தரத்தைக் கூட்டுவதா, பாதுகாப்பைக் கூட்டுவதா? எது சரி?

இடத்தைப் பொறுத்து மாற்றிக்கொள்ளலாம் என்பதே ஏஎம்ஆர் கோடெக் தந்த பதில். 1999-இல் 3ஜிக்கு ஏற்கப்பட்டது, ஜிஎஸ்எம்மிலும் ஓடியது. நொடிக்கு 4,750 முதல் 12,200 பிட் வரை எட்டு வேகங்கள். ஜிஎஸ்எம் முழுச் சேனலின் மொத்த அளவு எப்போதும் 22,800 தான். டவருக்குப் பக்கத்தில் இருந்தால் 12,200 பிட் குரலுக்கு. சிக்னல் மோசமானால் குரலை 4,750-க்குச் சுருக்கி, மிச்சம் ஏறக்குறைய 18,000 பிட்டையும் பாதுகாப்புக்குக் கொடுத்துவிடும்.

கோடெக்கை மட்டும் தனியாகக் கேட்டு ஒப்பிடுபவர்கள் 12,200 தான் உயர்ந்தது என்பார்கள். மோசமான சேனலில் 4,750-ஐக் கேட்டால் அதுதான் தெளிவாக இருக்கும். வானொலியில் குரல் தரத்தைக் கோடெக்கின் எண்ணை மட்டும் வைத்து மதிப்பிடக் கூடாது. கோடெக், காப்பு, சேனல் மூன்றையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

சாஃப்ட் டிசிஷன் என்றால் என்ன?

ரிசீவருக்கு வருவது 0 அல்லது 1 இல்லை, ஒரு மின்னழுத்தம். அதை உடனே 0, 1 என்று வெட்டிவிட்டால் 'இது நிச்சயமாக 1', 'இது 1 மாதிரி இருக்கிறது' என்ற வித்தியாசம் தொலைந்துவிடும். வெட்டாமல் அந்த நம்பிக்கை அளவையும் திருத்தும் கணக்குக்குக் கொடுப்பதுதான் சாஃப்ட் டிசிஷன். சாதாரண இரைச்சலில் இதனால் 2 டெசிபெல் அளவுக்கு லாபம் வரும். டிரான்ஸ்மிட்டர் சக்தியை ஒன்றரை மடங்கு கூட்டியதற்குச் சமம், அதுவும் வெறும் மென்பொருளால்.

சிற்றலையில் ஃப்ரீடிவி 700டி இரைச்சலுக்குக் கீழேயே வேலை செய்கிறது என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான். 3 கிலோஹெர்ட்ஸ் அகலத்தில் அளக்கும்போது சிக்னல், இரைச்சலைவிட 2 டெசிபெல் குறைவாக இருந்தாலும் பேச்சு வரும். இதைச் சாத்தியமாக்கியது எல்டிபிசி என்ற குறியீடு. ராபர்ட் கேலகர் 1960-களின் தொடக்கத்திலேயே கண்டுபிடித்தார், அன்றைய கணினிகளால் தாங்க முடியாததால் முப்பது ஆண்டுக்கு மேல் தூங்கியது.

700டி-யில் கோடெக் 40 மில்லிநொடிக்கு 28 பிட்தான் தருகிறது. நான்கு ஃபிரேம்களைச் சேர்த்து 112 பிட். அதை எல்டிபிசி 224 ஆக்குகிறது. இங்கே கோலேயைப் போல முக்கிய பிட்டைத் தேர்ந்தெடுக்கவில்லை, எல்லாவற்றுக்கும் ஒரே காப்பு. 28-க்குச் சுருக்கிய பிறகு முக்கியமில்லாத பிட் என்று ஒதுக்க ஏதும் மிஞ்சாது. கட்டு பெரிதாக இருந்தால்தான் எல்டிபிசி நன்றாக வேலை செய்யும், அதனால் 160 மில்லிநொடி காத்திருப்பு வருகிறது. மாறி மாறிப் பேசும் ஹாம்களுக்கு அது பொருட்டில்லை. பல சிறு கேரியர்களில் (செய்தியைச் சுமக்கும் அலைகளில்) பிட்டுகள் பரவியிருப்பதால், ஃபேடிங்கில் சில கேரியர் அமிழ்ந்தாலும் மற்றவற்றை வைத்து நிரப்பிக்கொள்ளும். அலைகள் வேகமாக மாறும் நேரத்துக்கு 80 மில்லிநொடிக் கட்டு கொண்ட 700இ என்ற தம்பியும் உண்டு.

ரகசியக் குறியாக்கம் சேர்த்தால் பிழை திருத்தம் கெடாதா?

முறையைப் பொறுத்தது. ஒரு பிட் தவறினால் கட்டு முழுவதும் நாசமாகும் முறைகள் குரலுக்கு ஒத்துவராது. அதனால் பி25 போன்றவை ஓட்டமாக வரும் ரகசிய வரிசையோடு பிட்டுகளைச் சேர்க்கும் முறையை எடுத்துக்கொண்டன. அதில் ஒரு பிட் பிழை ஒரு பிட் பிழையாகவே நிற்கும்.

வரிசையும் முக்கியம். ஜிஎஸ்எம் முதலில் திருத்த பிட்டுகளைச் சேர்த்துவிட்டுப் பிறகு ரகசியமாக்கியது. திருத்த பிட்டுகளுக்குள் தெரிந்த உறவு இருக்கிறதல்லவா? அந்த உறவையே பிடியாக வைத்து இஸ்ரேலிய ஆய்வாளர்கள் 2003-இல் ரகசியத்தை உடைத்துக் காட்டினார்கள். குரலைக் காப்பாற்றச் சேர்த்த பிட்டுகள் ஒட்டுக்கேட்பவருக்கு உதவியாகப் போய்விட்டன.

இணைய அழைப்புகளிலும் இதே முறைதானா?

அங்கே பிட் தவறுவதில்லை, பொட்டலம் முழுதாகத் தொலையும். அதனால் ஓபஸ் கோடெக், முந்தைய ஃபிரேமின் சுருக்கமான நகல் ஒன்றை அடுத்த பொட்டலத்தில் சேர்த்து அனுப்பும் வசதியை வைத்திருக்கிறது. 2024-இல் வந்த 1.5 பதிப்பில் ஒரு நொடி வரையிலான பழைய பேச்சை நியூரல் முறையில் மிகச் சுருக்கிச் சேர்க்கவும் வழி வந்துவிட்டது.

நியூரல் நெட்வொர்க் வந்த பிறகு கோலே, எல்டிபிசி எல்லாம் பழங்கதையா?

ஒரு இடத்தில் அந்தத் திசையில் பெரிய அடி எடுத்து வைத்திருக்கிறார்கள். ஃப்ரீடிவியின் புதிய ரேட் (RADE, ரேடியோ ஆட்டோஎன்கோடர்) முறையில் தனியாகத் திருத்தக் குறியீடே இல்லை. குரலின் குறிப்புகளை எடுத்து, நேராகக் காற்றில் போகும் சிக்னலாக மாற்ற ஒரு நெட்வொர்க்கையும், திரும்பப் பிரிக்க இன்னொன்றையும் சேர்த்துப் பழக்குகிறார்கள். பழக்கும்போதே இடையில் இரைச்சலையும் ஃபேடிங்கையும் கலக்கிறார்கள். எதைப் பலமாக அனுப்புவது, எதை விட்டுவிடலாம் என்று அது தானே கற்றுக்கொள்கிறது. எந்த பிட் முக்கியம் என்று வடிவமைப்பாளர் உட்கார்ந்து பட்டியல் போட்ட வேலையை இப்போது பயிற்சி செய்கிறது.

ஆனால் சின்ன சில்லில், சில மில்லிவாட்டில் ஓட வேண்டிய கையடக்க ரேடியோவுக்குக் கோலே இன்னும் பல காலம் இருக்கும். உலகம் முழுக்கப் புழங்கும் டிஎம்ஆர், பி25 கருவிகளின் விதிமுறையிலேயே அது எழுதப்பட்டிருக்கிறது.

இதையெல்லாம் நானே கேட்டுப் பார்க்க என்ன வழி?

கோடெக் 2-இன் மூல நிரல் இலவசமாகக் கிடைக்கிறது, சாதாரண மடிக்கணினியே போதும். டிஎம்ஆர், டி-ஸ்டாரில் உள்ள வோகோடர் ஒரே நிறுவனத்தின் தனியுரிமைச் சரக்கு, உள்ளே கைவைத்துக் கற்றுக்கொள்ள முடியாது. கோடெக் 2 பிறந்ததற்கே அந்தப் பூட்டு ஒரு காரணம்.

உங்கள் குரலில் பத்து நொடி பதிவு செய்து 1,300 பிட் முறையில் சுருக்குங்கள். ஒவ்வொரு ஃபிரேமிலும் குறிப்பிட்ட ஒரு பிட்டை மட்டும் அவ்வப்போது புரட்டும் சிறு நிரல் ஒன்றை எழுதுங்கள், எந்த மொழியில் எழுதினாலும் சரி. பிறகு விரித்துக் கேளுங்கள். முதலில் அதிர்வு பிட், அடுத்து சத்த அளவின் மேல் பிட், கடைசியில் ஒலி வடிவத்தின் கீழ் பிட் என்று மாற்றி மாற்றிப் பாருங்கள். 52 பிட்டுக்கும் இப்படிச் செய்து, எது காதை உறுத்தியது, எது தெரியவே இல்லை என்று குறித்துக்கொண்டு வந்தால், உங்களிடம் சொந்தமாக ஒரு முன்னுரிமைப் பட்டியல் இருக்கும். அதில் முதல் 12 பிட்டை ஃப்ரீடிவி 1600 காப்பாற்றிய 12-ஓடு ஒப்பிட்டுப் பாருங்கள்.